கீழப்பத்துக்குக் காற்று இல்லை

“காத்து இல்லம்மா” என்றான் சுடலைக்கண்ணு.

அவன் முழங்காலை ஒட்டி இடுப்புயரப் பம்பு நின்றுகொண்டிருந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்தாள். பிறகு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரைப் பார்த்தாள். நாலு பேரும் மேலப்பத்துக்காரர்கள். எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவள் ஊசி போட்டிருக்கிறாள்.

“பம்பு நிக்குதே.”

“பம்பு நிக்கும். கீழப்பத்துக்குப் போற சைக்கிளுக்குக் காத்து இல்ல. ஊருல பேசி முடிச்சிருக்காவ. நான் என்ன செய்ய?” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு செயினை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான். “மேலப்பத்துலயே ஊசி போட்டுட்டு அம்பைக்குத் திரும்பறதா இருந்தா சொல்லுங்க. பஞ்சர் ஒட்டி, காத்தும் அடிச்சுத் தாரேன்.”

அமலோற்பவம் கிராமச் செவிலி. அம்பை என்று சொல்கிற அம்பாசமுத்திரத்தில் வாடகை வீடு. மேலப்பத்து, கீழப்பத்து என்ற இரண்டு ஊர்களும் அவள் பொறுப்பில் இருந்தன. வாய்க்கால் கரையை ஒட்டி இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மைல். புதன்கிழமை தோறும் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தை அடுக்கி, பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பிறந்தது பெரியதாழை கடற்கரையில். ஊருக்குள் யாருக்கும் சொந்தமில்லாதவள் என்பதால் இரண்டு ஊரிலும் அவளுக்கு வழி விட்டார்கள். தொண்ணூற்றாறு ஐப்பசி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில் இரண்டு ஊருக்கும் முட்டிக்கொண்டது. கீழப்பத்து வாலிபன் ஒருவன் மேலப்பத்துத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போனதில் தொடங்கியது என்றார்கள். கோயில் கொடையில் தொடங்கியது என்றவர்களும் உண்டு. இரண்டு வைக்கோல் படப்பு எரிந்தது. ஆறேழு பேருக்கு வெட்டு விழுந்தது. சாலையில் சோடா பாட்டிலை உடைத்துப் பரப்பி வைத்தார்கள். அதில் ஏறித்தான் அவள் பின் டயர் போனது.

“சரி” என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழப்பத்துப் பக்கம் நடந்தாள். பெஞ்சில் இருந்த ஒருவன் தரையில் காறித் துப்பினான்.

வாழைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் முதல் கல் விழுந்தது. காதுக்குப் பின்னால் பட்டு, ஒரு கணம் எல்லாம் வெளுத்துப் போனது. சைக்கிளோடு சாய்ந்தாள். அவள் எழுவதற்குள் வாழைக்குள்ளிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். முகத்தில் துண்டு சுற்றியிருந்தார்கள். ஒருவன் கேரியரை மிதித்தான். பெட்டி உருண்டு திறந்தது. ஐஸ் கட்டிகளோடு மருந்துக் குப்பிகள் மண்ணில் சிதறின. அவன் செருப்புக் காலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி மிதித்து உடைத்தான். அவசரமே படவில்லை.

இன்னொருவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைத் தூக்கினான்.

“அவனுவ பிள்ளையளுக்கு ஊசி போடப் போறியோ? அவனுவ நோய் நொடி இல்லாம பெருகணும், பெருகி வந்து எங்கள வெட்டணும். அதுக்கு நீ மருந்து கொண்டு போற, என்ன?”

அவன் அவள் முகத்தைத் தரையில் மோதினான். விலாவில் ஓர் உதை விழுந்தது. பிறகு இன்னொன்று. மூச்சு வெளியே போய்த் திரும்பி வரவில்லை. “போதும்ல, பொம்பள” என்று மூன்றாமவன் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. போய்விட்டார்கள்.

வெகுநேரம் வாயில் மண்ணும் ரத்தமுமாகக் கிடந்தாள். வலியைவிட ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் வாழைக்குள்ளிருந்து வெளியே வரும்போது தனக்கும் அவர்களுக்கும் நடுவே முப்பது அடியாவது இருந்தது. டயரில் காற்று இருந்திருந்தால் ஏறி மிதித்திருப்பாள்.

*

அம்பை ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் நாலு தையல் போட்டார்கள். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் கணவன் ஜெனிஸ்டன் சனிக்கிழமை வந்தான். வந்தவன் தையலைப் பார்த்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“மாத்தல் கேளு. நம்ம கடக்கரப் பக்கமே எங்கயாவது போட்டுருவாவ.”

“கேக்கலாம்.”

“கேக்கலாம்னா? எழுதிக் குடு. நான் பேனா எடுத்துத் தாரேன்.”

“அன்னைக்கு டயருல காத்து இருந்திருந்தா தப்பிச்சுப் போயிருப்பேன்” என்றாள். “அந்தக் கடைக்காரங்கிட்ட நின்னு கெஞ்சவும் வேண்டாம். ஒரு பம்பு வாங்கிக்கிடுதேன்.”

ஜெனிஸ்டன் அவளையே பார்த்தான். எட்டு வருடம் கூட வாழ்ந்தவன். இதற்கு மேல் பேசினால் அவள் பேச்சையே நிறுத்திவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனாள். நடந்தால் விலா குத்தியது. பஸ் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் சேக் முகம்மது பாயின் சைக்கிள் உதிரிச் சாமான் கடை. கூரையிலிருந்து டயர்கள் மாலை மாலையாகத் தொங்கின. பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“சைக்கிள்லயே வச்சுக் கொண்டு போற மாதிரி பம்பு. கேரியர்ல மருந்துப் பெட்டி கட்டியிருப்பேன்.”

அவர் முதலில் எடுத்து வைத்தது கால் பம்பு. காலால் மிதித்தால் ஏறி இறங்குவது. “நல்ல சாமான். ஆனா இது வீட்டுல இருக்க வேண்டியது. கேரியர்ல கட்டினா உங்க பெட்டிக்கு இடம் இருக்காது.” அதை அவரே ஒதுக்கினார். அடுத்தது துபாயிலிருந்து யாரோ கொண்டு வந்தது. ஒரு சாண் நீளம், கறுப்புப் பிளாஸ்டிக். கைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அமலோற்பவம் அதை ஆசையாகத்தான் எடுத்தாள்.

“பாக்க அழகா இருக்கும்” என்றார் பாய். “இதோட வாய் வேற. நம்ம சைக்கிள் வால்வுல நேரா உக்காராது, நடுவுல ஒரு துண்டு மாட்டணும். அந்தத் துண்டு தொலைஞ்சா இது விளையாட்டுச் சாமான். அதுவும் போக, இருநூறு அடி அடிச்சாத்தான் டயர் பாதி நிமிரும். எந்த ரோட்டுல ஓட்டுதிய?”

“வாய்க்கா கரை.”

“தனியாவா?”

“ஆமா.”

அவர் உள்ளே போய் ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு கை பம்புகளைக் கொண்டு வந்தார். ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு. சைக்கிள் குழாயில் இரண்டு கவ்வி மாட்டி அதில் செருகி வைக்கலாம். லேடீஸ் சைக்கிளில் மேல் குழாய் கிடையாதே என்றாள். முன் சக்கரத்திலிருந்து பெடலுக்கு இறங்குகிற சரிவுக் குழாயில் மாட்டலாம் என்று அவரே விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

“பம்ப கண்ணால பாத்து வாங்கக் கூடாது” என்று பம்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினார். கைப்பிடி பாதியில் நின்று, விட்டதும் துள்ளித் திரும்பியது. “இப்படித் திரும்பி வரணும். வரலன்னா உள்ள தோல் வாஷர் போச்சுன்னு அர்த்தம். நீங்களே அழுத்திப் பாருங்க.”

இரண்டையும் அழுத்திப் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்தன. காற்றுப் போன ஒரு சைக்கிளைக் காட்டி அடிக்கச் சொன்னார். விலா வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அடித்தாள். அறுபது அடியில் டயர் கல்லாகிவிட்டது. அலுமினியத்திலும் அறுபதுதான், இரும்பிலும் அறுபதுதான்.

“அப்ப அலுமினியத்த எடுங்க தங்கச்சி. எடை பாதிதான். பம்ப மாசத்துக்கு ஒரு தடவ எடுப்பிய. சுமக்கறது தினமும்லா.”

அமலோற்பவம் இரும்புப் பம்பைக் கையில் எடுத்தாள். கைப்பிடியை விட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்து, கனமான பக்கம் மேலே இருக்கும்படி தூக்கிப் பார்த்தாள். ஒரு தடவை மெல்ல ஆட்டியும் பார்த்தாள். தான் செய்வது அவளுக்கே தெரியவில்லை. பாய் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கண் அவள் காதுக்குப் பின்னால் இருந்த தையலுக்குப் போய்த் திரும்பியது.

“பம்பப் பிடிக்குத பிடி அது இல்ல தங்கச்சி.”

அவளுக்கு முகம் சூடாகியது. ஆனால் கீழே வைக்கவில்லை.

“அலுமினியம்னா நெளிஞ்சிருமோ?”

“நெளிஞ்சிரும். அப்புறம் காத்தும் அடிக்காது.”

“இரும்பு?”

சேக் முகம்மது அலுமினியப் பம்பைத் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தார். “இரும்பு நெளியாது” என்றார்.

அதைத்தான் வாங்கினாள். பம்பு மட்டும் இருந்து பிரயோசனம் இல்லை என்று ஒரு டியூபையும் சுருட்டி, சீட்டுக்கு அடியில் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். கவ்வியை எப்படி முடுக்குவது என்றும் சொன்னார். அவள் படி இறங்கும்போது, “காத்துக்கு மட்டும் எடுக்கிற மாதிரியே இருக்கட்டும்” என்றார். இறைவனிடம் துஆ கேட்கிற குரல் அது.

*

மூன்று வாரம் அது காற்றுக்கு மட்டும்தான் பயன்பட்டது. கண்ணாடித் துண்டில் ஒரு தரம், கருவேல முள்ளில் ஒரு தரம் டியூபை மாற்றி, பஞ்சர் ஒட்டி, நடுரோட்டிலேயே அறுபது அடி அடித்து ஏறிப் போனாள். சுடலைக்கண்ணு கடையைத் தாண்டும்போது அவன் நிமிர்ந்து பார்ப்பான். அவள் பார்க்க மாட்டாள்.

கீழப்பத்தில் அந்தப் பம்பு வந்த அன்றே பிரபலமாகிவிட்டது. அங்கே சைக்கிள் கடை கிடையாது. ஊரில் பாதிச் சைக்கிள்கள் காற்றில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தன. புதன்கிழமை அவள் ஊசி போட்டு முடிப்பதற்குள் பலவேசம் எல்லாச் சைக்கிளுக்கும் காற்றடித்து முடித்து, பம்பைத் துணியால் துடைத்துக் கொண்டு வந்து கவ்வியில் செருகுவான். இருபத்தாறு வயது. அறுவடைக்கும் மண் வேலைக்கும் போகிறவன். அவன் மனைவி உலகம்மாள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பாள். ஊசி குத்தும்போது குழந்தை அழுவதற்கு முன் பலவேசம் கண்ணை மூடிக்கொள்வான். பெண்கள் சிரிப்பார்கள்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் பலவேசத்தின் அண்ணனை மேலப்பத்துக்காரர்கள் வயலில் வைத்து வெட்டிக் கொன்றுவிட்டார்கள். விடியும்போது தண்ணீர் கட்டப் போனவன். உயிர் இருக்கிறதா பார்க்கச் சொல்லி அவளைத்தான் முதலில் அழைத்தார்கள். நடவு முடிந்த வயலில் குப்புறக் கிடந்தான். நாற்றெல்லாம் ரத்தத்தில் சாய்ந்து கிடந்தது. தலையைத் திருப்ப முயன்றபோதுதான் கழுத்து எந்த அளவுக்கு அறுந்திருக்கிறது என்று தெரிந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். வரப்பில் நின்ற பலவேசம் வயலில் இறங்கி அண்ணன் காலில் கிடந்த சேற்றை வாய்க்கால் தண்ணீர் விட்டுக் கழுவத் தொடங்கினான். கணுக்கால் வரை கழுவி, விரலிடுக்கெல்லாம் கழுவினான்.

வெட்டியவர்கள் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடி ஒளிந்துவிட்டார்கள். மேலப்பத்தில் ஒளியாமல் இருந்தவன் சுடலைக்கண்ணு. வெட்டிலும் குத்திலும் அவனுக்குப் பங்கு இல்லை. ஆனால் கீழப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவனாவது அவன் கடை வாசலில் நின்று, காற்று இல்லை என்று கேட்டுத் திரும்பியவன். உதிரிச் சாமான் வாங்க வாரம் ஒரு நாள் அவன் அம்பைக்குத் தனியாகப் போய் வருவதும் எல்லோருக்கும் தெரியும்.

*

அது நடந்தது காலை பத்து மணிக்கு, பளீரென்ற வெயிலில். அமலோற்பவம் அம்பையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் கூப்பிடு தூரத்தில் சுடலைக்கண்ணு இரண்டு புது டயர்களைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு மிதித்துப் போனான்.

மேலப்பத்துக்கு முன்னால் இருந்த ரோட்டோர வாழைக்குள்ளிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். இவர்கள் முகத்தில் துண்டு இல்லை.

முதல் வெட்டு டயரில் பட்டது. ரப்பர் அறுந்து தோள் தப்பியது. சுடலைக்கண்ணு சைக்கிளோடு விழுந்து, எழுந்து, வாய்க்கால் பக்கம் ஓடினான். இரண்டாவது வெட்டு தொடையில் இறங்கியது. அரிவாள் எலும்பில் பட்ட சத்தம் அமலோற்பவத்துக்குக் கேட்டது. விறகு பிளக்கிற சத்தம். அவன் படித்துறைக் கல்லில் மல்லாந்து விழுந்தான். ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. கையைத் தூக்கி, “வேண்டாம்ல, எனக்கு ஒண்ணும் தெரியாதுல” என்றான். தூக்கிய கையில் ஒருவன் வெட்டினான். இரண்டு விரல் போயின.

அமலோற்பவம் சைக்கிளை எப்போது போட்டாள், பம்பை எப்போது உருவினாள் என்று பின்னால் எத்தனை தடவை யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. கையில் பம்பு இருந்தது. மறுமுனையைப் பிடித்திருந்தாள். பலவேசம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுடலைக்கண்ணுவின் தலைமயிரைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தி, அரிவாளை ஓங்கியிருந்தான்.

இரண்டு கையாலும் அடித்தாள். மணிக்கட்டில் விழுந்தது. அரிவாள் தெறித்து வாய்க்காலுக்குள் போனது. பலவேசம் திரும்பினான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் கோபம் வரவில்லை. குழந்தைக்கு ஊசி குத்தும்போது வருகிற முகம்தான் வந்தது.

“நர்சம்மா” என்றான்.

இரண்டாமவன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அவள் தோளில் ஓர் அடி போட்டான். அவள் சுழன்று அவன் வாயில் அடித்தாள். பல் உடைந்து ரத்தமாகத் துப்பிக்கொண்டு ஓடினான். மூன்றாமவன் அதற்கு முன்பே ஓடிவிட்டான். பலவேசம் மட்டும் தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடம் ஆயுதம் இல்லை. ஓடவும் இல்லை.

அவள் மறுபடி அடித்தாள். தோளில் ஒன்று. அவன் மண்டியிட்டான். முதுகில் ஒன்று. வாழைத் தோட்டத்தில் தன் முகத்தை மண்ணில் மோதியது இவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தாள். முதுகில் இன்னொன்று. கை மறுபடி ஓங்கியது. உடம்பெல்லாம் ஒரு லேசு பரவியது, பல நாள் காய்ச்சல் இறங்கினாற்போல.

“யம்மா” என்றான் சுடலைக்கண்ணு கீழே கிடந்து.

அந்தக் குரலில்தான் அவளுக்கு நினைவு திரும்பியது. பம்பைப் போட்டாள். சீட்டுக்கு அடியில் இருந்த டியூபை உருவி, அவன் தொடையின் வேரில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். ரத்தம் குறைந்தது. இன்னும் இறுக்கினாள், நின்றது. திரும்பிப் பார்த்தபோது பலவேசம் வாழைக்குள் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தான்.

செங்கல் ஏற்றி வந்த டிராக்டரில் சுடலைக்கண்ணுவை ஏற்றினார்கள். அம்பையில் முடியாது என்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கியது.

*

போலீஸ் வந்து, பம்பை ஒரு துணியில் சுற்றி அரக்கு வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்று பேர் பெயரையும் அவள் சொன்னாள். எழுதிக்கொண்டவர்களிடம் அவள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அவர்களும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேலப்பத்துப் பெரியவர்கள் ஒரு வாழைத்தாரோடு வீட்டுக்கு வந்தார்கள்.

“நீங்க இனிமே நம்ம ஆளு. ஒங்களுக்கு ஒண்ணுன்னா ஊரே நிக்கும்.”

“எம்மேல கல்லெறிஞ்சது யாரு?” என்றாள் அமலோற்பவம்.

தார் சுமந்தவர் அதை வாசல் படியில் இறக்கப் போனார்.

“அதச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் தார உள்ள வைக்கலாம்.”

தாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை கீழப்பத்துக்குப் போனாள். பால்வாடி வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு குழந்தைகூட வரவில்லை. உலகம்மாள் வீட்டுக்கு நேரே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குழந்தை அழுதது.

“ரெண்டாவது ஊசிக்கு நாளாச்சு, உலகம்மா.”

“அவரு ஜெயில்ல இருக்காரு. எலும்புக்கு யாரோ மூங்கில் வச்சுக் கட்டுனாவளாம். பானைய நான் தூக்குதேன், மம்பட்டிய யாரு தூக்குவா?” குரல் உயரவே இல்லை. “வெட்டக் கூடாதுதான். நீங்க தடுத்தது சரிதான். ஆனா அரிவா வாய்க்காலுக்குள்ள போன பெறகு எதுக்கும்மா அடிச்சிய? முதுகுல அடையாளம் கெடக்கு. நான் எண்ணிப் பாத்தேன்.”

கதவு சாத்தப்பட்டது.

பத்துப் புதன்கிழமை வெறும் வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். ஐஸ் உருகும். மருந்தைப் பொறுப்பாகத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். ஜெனிஸ்டன் மாற்றல் மனுவை எழுதியே வைத்திருந்தான். அவள் கையெழுத்துப் போடவில்லை. பதினோராவது வாரம் ஒரு கிழவி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். உலகம்மாள் கடைசியாக வந்தாள். குழந்தையைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள், போனாள்.

*

வழக்கு தொண்ணூற்றெட்டு ஆடியில் விசாரணைக்கு வந்தது. அதற்குள் மூன்று பேரும் ஜாமீனில் வந்திருந்தார்கள், இரண்டு ஊரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி முடித்திருந்தார்கள். சாட்சிக் கூண்டில் ஊன்றுகோலோடு ஏறிய சுடலைக்கண்ணு, வெட்டியவர்கள் யாரென்று தெரியவில்லை, கண்ணில் ரத்தம் இறங்கிவிட்டது என்றான். அரசு வக்கீல் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னான்.

மிச்சம் இருந்தது அமலோற்பவம் மட்டும். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார்.

“அரிவாள் கையை விட்டுப் போன பிறகும் அடித்தீர்களா?”

“அடிச்சேன்.”

“தற்காப்புக்காகவா?”

“இல்ல.”

“எத்தனை அடி?”

“மூணு.”

“போலீஸில் இதைச் சொல்லவில்லையே” என்றார் வக்கீல்.

“கேக்கல. நானும் சொல்லல. இப்பச் சொல்லுதேன்.”

வெட்டுப்பட்டவனே அடையாளம் சொல்லாதபோது, கோபத்தில் அடித்த ஒருத்தியின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சுடலைக்கண்ணு அவளுக்காகக் காத்திருந்தான்.

“எம்மேல வருத்தமாம்மா?”

“உண்மையச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா அவனுவ உள்ள போவானுவ. அப்புறம் அவனுவ தம்பிமாரு வருவானுவ. என்னால ஓட முடியாதுல்லா.” ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தான். “கடைய மறுபடி தொறந்துட்டேன். இப்ப எல்லா சைக்கிளுக்கும் காத்து அடிக்கேன். எந்த ஊருக்குப் போறன்னு கேக்குறது இல்ல.”

அவன் போன பிறகு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். நிறுத்தத்தில் பலவேசம் நின்றான். ஒளியவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்து, விரல்கள் பாதி மடங்கியே இருந்தன.

அவளே பக்கத்தில் போனாள். “நீட்டு” என்றாள்.

அவன் கையை நீட்டினான். அவள் விரலால் எலும்பைத் தடவிப் பார்த்தாள். இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அப்படியே கூடியிருந்தன.

“மம்பட்டி பிடிக்க முடியுதா?”

“இடது கையால. கூலி பாதி.”

“கோணலாக் கூடியிருக்கு. ஆபரேசன் செஞ்சு எலும்ப மறுபடி வெட்டித்தான் நேராக்கணும். ஐகிரவுண்டுல வியாழக்கிழமை எலும்பு டாக்டர் பாப்பாரு.”

“மறுபடி வெட்டணுமா?” பலவேசத்தின் முகம் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. “வலிக்குமோ?”

“அப்ப வலிக்காது, மயக்கம் குடுப்பாவ. அப்புறம் ஒரு மாசத்துக்கு நல்லா வலிக்கும்.”

அவன் கையை இழுத்துக்கொண்டான். பஸ் வந்தது. அவன் முன் வாசலில் ஏறினான், அவள் பின் வாசலில் ஏறினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அமலோற்பவம் ஐகிரவுண்டு வெளிநோயாளி வரிசையில் நின்று அவன் பெயருக்குச் சீட்டு வாங்கினாள். ஒன்பது மணிக்கு அவன் வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. பத்தரைக்கு உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், இடுப்பில் பிள்ளை, பின்னால் பலவேசம்.

“மேலப்பாளையத்துல போலீஸ் சோதனைன்னு பஸ்ஸ நிப்பாட்டிட்டாவ” என்றாள் உலகம்மாள். பிள்ளையை இறக்கி அமலோற்பவத்தின் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எந்த ரூமும்மா?”